நீலம், இன்னும் பச்சை

நீலம் பூசிய கோச்சா
சாவியைத் தரும்போது சொன்னான்:
இது இன்னும் பச்சை, எத்தேரி.
தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்,
நம்பாதே.
உள்ளே ஈரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

முப்பது நாள்.
மெழுகு போடாதே, மூச்சடைக்கும்.
உறை போர்த்தாதே.
சுழலும் தூரிகையால் கழுவும் கடைப் பக்கம்
தலைவைத்தும் படுக்காதே.
பறவை எச்சமிட்டால் காயும்வரை விடாதே,
பச்சைத் தண்ணீரை ஊற்று, போதும்.
தேய்க்காதே.
எதையும் தேய்க்காதே.

பதினோரு வருடம் வெள்ளையாய் இருந்த நீவா.
சக்கரத்துக்கு மேலே துரு.
கதவில் ஓர் எருமைக் கிடா
கொம்பால் போட்ட கையெழுத்து.
கால்நடை மருத்துவரின் வண்டிக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று
சந்தையில் இரண்டு பேர் கேட்டார்கள்.
நான் பதில் சொல்லவில்லை.

குத்தாயிசியில் முசுக்கொட்டை பழுக்கிற மாதம் வேறு.
தெரு முழுக்க ஊதாக் கறை,
கறைக்கு மேல் குருவி.
மரமில்லாத இடம் ஒன்றே ஒன்று,
மருந்துக்கடைச் சுவரோரம்.
கடைக்காரியின் பூனைக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்து
அதை மாத வாடகைக்குப் பிடித்தேன்.
இரவில் எழுந்து
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.
என் முகத்தை நீ இப்படிப் பார்த்ததே இல்லை
என்றார் மேராப், கண்ணைத் திறக்காமலே.

பத்தொன்பதாம் நாள்.
இரவு இரண்டரை.
மலைமேலிருந்து அவ்தந்தில்:
டாக்டர், பின்னங்கால் முதலில் வருகிறது.

இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான்.
முதலில் நான் நினைத்தது
ஆறு கிலோமீட்டர் ஜல்லிப் பாதையை.
பிறகுதான் பசுவை.

ஒவ்வொரு கல்லும் டிக்கென்று தெறித்தது.
ஒவ்வொன்றும் எங்கே பட்டதென்று
எனக்குத் தெரிந்தது,
பல்வலியில் எந்தப் பல்லென்று தெரிவதுபோல.

கொட்டிலில் ஒரே பல்பு.
தோள்வரை கையை விட்டேன்.
கயிறு, இழுப்பு, நிறுத்து, இன்னொரு இழுப்பு.
கன்று வந்து வைக்கோலில் விழுந்தது
புது வார்னிஷ் போலப் பளபளத்துக்கொண்டு,
மூச்சில்லாமல்.

தேய், என்று கத்தினேன்.
அவ்தந்தில் தயங்கினார்.
வைக்கோலை அள்ளித் தேய்யா,
முதுகில், விலாவில், அழுத்தி,
இன்னும், இன்னும்.
இருவரும் தேய்த்தோம்.
அந்தப் பளபளப்பெல்லாம் போய்
மயிர் சிலிர்த்து
அழுக்குச் சாக்குபோல் ஆனபோது
அது ஒரு தும்மல் போட்டது.

மிச்சத்தைத் தாய் நாக்கால் பார்த்துக்கொண்டது.

கை கழுவிக்கொண்டே சொன்னேன்:
பச்சை உடம்பு, அவ்தந்தில்.
வெதுவெதுப்பான தண்ணீர் வை.
காற்றடிக்கிற பக்கம் கட்டாதே.
பத்து நாள் மேட்டில் ஏற்றாதே.
சொல்லச் சொல்ல
கோச்சாவின் குரல் என் வாயில் வந்தது,
அந்த விரல் ஆட்டுவதுகூட.

வெளியே விடிந்திருந்தது.
அவர் மனைவி நாத்தேலா
ஈரச் சாக்குத் துணியால்
என் வண்டியைத் துடைத்து முடித்திருந்தாள்.
முன்மூடி முழுக்க, வட்டம் வட்டமாக,
புழுதியும் மணலும் சேர்த்து,
கை வலிக்க வலிக்க.
பாதி ராத்திரியில் வந்தீர்களே,
எங்களால் முடிந்தது இது, என்றாள்.

வெயில் பட்டதும்
அந்த வட்டங்கள் எல்லாம் தெரிந்தன.
நல்லா இருக்கு, என்றேன்.
பொய்யில்லை.
முழுக்க உண்மையும் இல்லை.
பின்னிருக்கையில் ஒரு பாலாடைக்கட்டி வைத்தாள்,
தலை அளவு.

முப்பதாம் நாள் கோச்சா
முன்மூடியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
எந்தப் பாவி செய்தது?
பத்து நிமிடம் கொடு, பாலிஷ் போட்டால் போய்விடும்.
கல் பட்ட இடத்துக்கு
நகப்பூச்சுப் புட்டி அளவில் நீலம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீலத்தை வாங்கிப் பையில் போட்டேன்.
பாலிஷ் அடுத்த மாதம், கோச்சா.
இன்னும் பச்சை.